முட்டியை விடு, கணுக்காலைப் பார்

அன்புள்ள முருகேசு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு மதுரையிலேயே வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். சின்னவன் பிளஸ் டூ என்பதால் வீட்டில் டிவி மட்டும் வாயே திறப்பதில்லை.

சரி, உன் கால் விஷயம். தினமும் குனிந்து பாதத்தைத் தொட்டுப் பழகியும், குந்தி உட்கார்ந்தால் மல்லாந்து விழுகிறேன், முட்டி தேய்ந்துவிட்டதோ என்று கேட்டிருந்தாய். குனிவதில் இழுபடுவது தொடையின் பின்பக்கத் தசை, குந்துவதற்கு அது பெரிய தடையில்லை. குந்தும்போது முட்டி பாதத்தைத் தாண்டி முன்னே போகவேண்டும், அதற்குக் கணுக்கால் மடங்கிக் கொடுக்கவேண்டும், கொடுக்காவிட்டால் எடை முழுக்கக் குதிகாலுக்குப் பின்னால் போய் ஆளைச் சாய்த்துவிடும். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட், சாப்பிட டேபிள், ஆபீஸில் நாற்காலி என்று வாழ்ந்தால் கணுக்கால் எங்கேதான் மடங்கும், சொல்லு?

குதிகாலுக்கு அடியில் ஒரு தடித்த புத்தகத்தை வைத்துக் குந்திப் பார். விழாமல் உட்கார்ந்தால் பெரும்பாலும் கணுக்கால்தான் காரணம். அப்புறம் சுவரைப் பார்த்து நின்று, குதிகால் எழாமல் முட்டியால் சுவரைத் தொடு. கால் கட்டைவிரல் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருந்தும் தொட முடிந்தால் நல்ல நிலை. இரண்டு காலையும் தனித்தனியே அளந்துகொள், ஒன்று மோசமாக இருக்கலாம்.

அதே நிலையில்தான் பயிற்சியும். முட்டியை மடக்கியே வை, ஏனென்றால் ஆடுசதையில் அடியில் இருக்கிற சோலியஸ் தசைக்கு அப்போதுதான் இழுவை போகும். காலை நீட்டிச் செய்தால் மேல்தசையே இழுவையை வாங்கிக்கொள்ளும். சாய்ந்தபடி பாதத்தின் முன்பகுதியால் தரையை ஐந்தாறு விநாடி அழுத்து, விடு, மூச்சை விட்டபடி இன்னும் கொஞ்சம் முன்னே போய் 30 விநாடி நில். 1940-களில் ஹெர்மன் காபட் என்ற அமெரிக்க மருத்துவர் போலியோ நோயாளிகளுக்காக உருவாக்கிய முறையிலிருந்து வந்த உத்தி இது, சும்மா இழுத்துக்கொண்டு நிற்பதைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை. துள்ளித் துள்ளி மட்டும் இழுக்காதே.

நீட்டியதோடு விட்டால் பலனில்லை, கிடைத்த அளவைப் பயன்படுத்த பலமும் வேண்டும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்து, கீழேயே கொஞ்ச நேரம் இரு, கையின் உதவியைக் குறைத்துக்கொண்டே எழு. வாரத்தில் மூன்று நாளாவது செய்.

ஒன்று கவனி: இழுவை பின்னால் ஆடுசதையில் தெரியாமல் கணுக்காலின் முன்பக்கம் நறுக்கென்று இடித்தால் அது மூட்டு விவகாரம், இழுத்துச் சரியாகாது, பிசியோதெரபிஸ்டிடம் காட்டு. முட்டி வீங்கினாலும் அப்படித்தான்.

வைகாசியில் ஊருக்கு வருகிறேன். அதற்கு முன்னால் சுவர் அளவு எத்தனை வந்தது என்று எழுதிப் போடு, புத்தகம் வைத்தபோது என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
செல்வம்