குளிர்காலத்தில் வெட்ட வேண்டாம்: ஜப்பானியக் குவின்ஸ் பற்றி ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் சென்ற வார வீட்டுத்தோட்டப் பக்கத்தில், குளிர்காலம் தொடங்குமுன் முன்வளவில் நிற்கும் முட்செடிகள் யாவற்றையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுமாறு வாசகர்களுக்கு அறிவுரை கூறப்பட்டிருந்தது. சில செடிகளுக்கு அது ஓரளவு பொருந்தக்கூடும். ஆனால் அந்தப் பட்டியலில் ஜப்பானியக் குவின்ஸின் பெயரும் இடம்பெற்றிருந்ததைக் கண்டபின் பேசாமல் இருக்க என்னால் இயலவில்லை. இந்தச் செடியை ஒக்டோபரிலோ நவம்பரிலோ வெட்டுகிறவர், வரப்போகும் மாசி பங்குனியில் விரிய வேண்டிய பூக்களை மொட்டோடு வெட்டி எறிகிறார். அடுத்த இளவேனிலில் பூ இல்லாத முட்பற்றையைப் பார்த்துவிட்டு, இது எதற்கும் உதவாதது என்று வேரோடு தோண்டி எடுத்தும் விடுகிறார். எங்கள் வட்டாரத்தில் நம்மவர்கள் வாங்கிய வீடுகளில் இப்படிப் போன செடிகள் பலவற்றை நான் அறிவேன். அதனால்தான் இக்கடிதம் சற்று நீளமாக அமைகிறது.

நாங்கள் இலண்டன் ஹரோவில் இந்த வீட்டை வாங்கிக் குடிவந்தது ஒரு நவம்பர் மாதத்தில். முன் ஜன்னலுக்குக் கீழே, இலையெல்லாம் உதிர்ந்து, முட்கம்பிச் சுருள்போல ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரு பற்றை நின்றது. முதல் வாரத்திலேயே என் மகனுடைய முழங்கையை அது கிழித்துவிட்டது. அதை எடுத்துவிட்டு இரண்டாவது காருக்கு இடம் செய்யலாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். பக்கத்து வீட்டு ஆங்கிலேய மூதாட்டி ஒருவர்தான் வேலிக்கு அப்பால் நின்று, மார்ச் மாதம்வரையாவது பொறுத்துப் பாருங்கள் என்றார். அவர் சொல்லுக்காகப் பொறுத்தோம். பெப்ரவரி இறுதியில், ஓர் இலைகூட இல்லாத கறுத்த கொப்புகளில், முட்களுக்கு நடுவே செங்கல் நிறத்தில் பூக்கள் ஒட்டிக்கொண்டு மலர்ந்தபோது, எனக்கு ஊரில் எங்கள் வேலி ஓரத்து முள்முருக்கு நினைவுக்கு வந்தது. அதுவும் அப்படித்தான்: இலையைக் கொட்டிவிட்டு, முள்ளுடம்போடு சிவப்பாகப் பூத்து நிற்கும். இரண்டுக்கும் உறவேதும் இல்லை. முள்முருக்கு அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதுவோ றோசாவும் அப்பிளும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனாலும் அந்த ஒற்றுமை ஒன்றே அன்றைக்கு அந்தச் செடியைக் காப்பாற்றப் போதுமானதாக இருந்தது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும், ஏனெனில் கடையில் எதை வாங்குகிறோம் என்பதே அதில்தான் தங்கியிருக்கிறது. தங்கள் கட்டுரை இதனையும் பேரிக்காய் வடிவில் மென்மயிர் படர்ந்த பெரிய பழம் தரும் குவின்ஸ் மரத்தையும் ஒன்றாகவே எழுதியிருந்தது. அந்தக் குவின்ஸ் முள்ளற்ற சிறு மரம்; வேறு பேரினம். நாம் பேசுவது கேனோமிலிஸ் என்ற பேரினத்துப் புதரைப் பற்றி. சுவீடனைச் சேர்ந்த தாவரவியலாளர் துன்பேர்க், ஜப்பானின் ஹாக்கோனே மலைப்பகுதியில் கண்ட குட்டைச் செடியை 1784இல் விவரித்து, பேரிக்காய் இனமென்று கருதி, 'பைரஸ் ஜப்பொனிக்கா' என்று பெயரிட்டார். 1796இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் சேர் ஜோசப் பேங்க்ஸ் இலண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு வரவழைத்த செடியோ, சீனாவைத் தாயகமாகக் கொண்ட, அதைவிட உயரமான இன்னோர் இனம். அதையே துன்பேர்க் சொன்ன செடி என்று இங்குள்ளவர்கள் எண்ணிவிட்டார்கள். உண்மையான ஜப்பானியச் செடி பிரிஸ்டலைச் சேர்ந்த மோல் என்ற நாற்றுப்பண்ணையின் மூலம் 1869 அளவில் பிரித்தானியாவுக்கு வந்து சேர்ந்தபோது, அதற்குரிய பெயர் ஏற்கெனவே மற்றதற்குப் போயிருந்தது. இன்றும் முதிய ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் இந்தப் பேரினத்தில் எதைக் கண்டாலும் 'ஜப்பொனிக்கா' என்றே சொல்கிறார்கள்.

இது வெறும் பழங்கதை அன்று. ஜப்பானில் 'குசாபோக்கே', அதாவது புல்லளவான போக்கே (போக்கே என்பது உயரமான சீனத்து இனத்துக்கு அங்கே வழங்கும் பெயர்), என்று வழங்கும் உண்மையான ஜப்பானியக் குவின்ஸ் ஒரு மீற்றர் உயரத்தில் நின்றுவிடும். பக்கவாட்டில்தான் இரண்டு மீற்றர்வரை படரும். சீனத்து இனமாகிய ஸ்பெசியோசா இரண்டரை மீற்றருக்கும் மேலே போகும். இரண்டையும் கலந்து உருவாக்கிய சுப்பர்பா என்ற கலப்பினம் இடைப்பட்டது. ஜன்னலுக்குக் கீழே ஸ்பெசியோசாவை நட்டுவிட்டு, வெளிச்சத்தை மறைக்கிறது என்று ஆண்டுதோறும் அதன் தலையைச் சீவுகிறவர்கள், செடியின் மேல் குறைகாண்பதில் நியாயம் இல்லை. சுவரில் ஏற்றிப் படரவிட விரும்புவோர்க்கு ஸ்பெசியோசாவின் 'மோர்லூசி' என்ற வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த வகையும், தூய வெண்ணிறத்து 'நிவாலிஸ்' வகையும் ஏற்றவை. தாழ்வான இடத்துக்கு, கருஞ்சிவப்பு இதழ்களும் பொன்னிற மகரந்தமும் கொண்ட 'கிரிம்சன் அண்ட் கோல்ட்' போதும். என் வீட்டில் இப்போது நிற்கும் இரண்டாவது செடி அதுதான்.

இனி வெட்டுவதைப் பற்றி. ஜப்பானியக் குவின்ஸ் அவ்வாண்டு விட்ட புதுத் தளிரில் பூப்பதில்லை. முந்திய ஆண்டுகளில் முற்றிய கொப்புகளிலும், அவற்றில் கிளைத்த குறுங்கணுக்கள் எனும் குட்டைப் பக்கத்தண்டுகளிலும்தான் பூக்கும். அந்த மொட்டுகள் கோடையிலேயே உருவாகி, குளிர்காலம் முழுவதும் சிறு மணிகளைப்போலக் கணுக்களில் உறங்கிக் கிடக்கும். ஆகவே பூ முடிந்த கையோடு, மே மாதமளவில், வெட்டினால் செடிக்கு ஒரு கோடை முழுவதும் புதிய கொப்பு விட்டு மொட்டுக்கட்டக் காலம் கிடைக்கிறது. இலையுதிர் காலத்தில் வெட்டினால் அந்த உழைப்பு முழுவதும் குப்பைக்குப் போகிறது. சில ஆண்டுகளுக்குமுன் நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது, புல்வெட்ட வந்தவர் நல்லெண்ணத்துடன் மின்சார வேலிக் கத்தரியால் அதைப் பெட்டி வடிவாகச் சீராக்கிவிட்டார். அடுத்த மார்ச்சில் அடிக்கொப்புகளில் ஏழெட்டுப் பூக்களைத் தவிர வேறொன்றும் இல்லை. செடி தன் பழைய நிலைக்கு மீள இரண்டு ஆண்டுகள் ஆயின.

தனித்து நிற்கும் செடிக்கு அதிகம் செய்யத் தேவையில்லை. பூ உதிர்ந்ததும், மிகப் பழைய கொப்புகளில் நான்குக்கு ஒன்றை நிலமட்டத்தோடு எடுத்துவிட்டு, ஒன்றை ஒன்று உரசும் கொப்புகளை நீக்கினால், நடுவில் காற்றும் ஒளியும் புகும். சுவரோடு கம்பி இழுத்துப் படரவிட்டிருந்தால், சட்டமாக நிற்கும் முக்கிய கொப்புகளை அப்படியே விட்டு, பக்கக் கொப்புகளை மாத்திரம் இரண்டு மூன்று மொட்டுகள் எஞ்சும்படி குறுக்க வேண்டும். பூக்கும் குறுங்கணுக்கள் அங்கேதான் நெருங்கி உண்டாகும். பல்லாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த பற்றையை ஒரே நாளில் வெட்டிச் சாய்க்காமல், மூன்று நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாகப் புதுப்பிப்பதே நல்லது. தடித்த தோற்கையுறை இல்லாமல் கைவைக்க வேண்டாம். அத்துடன், வெட்டுமுன் உள்ளே ஒரு முறை குனிந்து பாருங்கள். பூனை நுழைய முடியாத முள் என்பதால் கரும்பறவை இதற்குள் கூடு கட்டுவதுண்டு. குஞ்சுகள் பறக்கும்வரை கத்தரிக்கோலை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட வேண்டும்; பறவை குடியிருக்கும் கூட்டைத் தெரிந்தே சிதைப்பது 1981ஆம் ஆண்டின் வனவுயிர், நாட்டுப்புறச் சட்டத்தின்படி குற்றமும் ஆகும்.

மண்ணைப் பொறுத்தவரை இது அடம் பிடிக்காத செடி. இலண்டனின் பிசுபிசுத்த களிமண்ணிலும் நன்றாக வளர்கிறது. தண்ணீர் தேங்காமல் இருந்தால் போதும். வெயில் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு பூவும் காயும் மிகும், ஆயினும் அரை நிழலிலும் தாக்குப்பிடிக்கும். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் மாத்திரம் இலை மஞ்சளித்து நரம்புகள் பச்சையாகவே நிற்கும். வேர் இரும்புச்சத்தை எடுக்க முடியாததன் அடையாளம் அது. அத்தகைய நிலத்தில் இருப்போர், அமில மண்ணை விரும்பும் செடிகளுக்கென்று விற்கும் இரும்புச்சத்து மருந்தைக் கரைத்து ஊற்றலாம். நட்ட முதல் இரண்டு கோடைகளில் வறட்சி வந்தால் நிறையத் தண்ணீர் விடுங்கள். ஆண்டுக்கொரு முறை மக்கிய எருவைத் தண்டில் முட்டாமல் சுற்றிப் பரப்புங்கள். நைதரசன் மிகுந்த புற்றரை உரத்தை மட்டும் அருகில் கொண்டுபோக வேண்டாம். இலைதான் மண்டும், பூ குறையும்.

காய்க்காததே இந்தச் செடியைப் பற்றி நம்மவர்கள் சொல்லும் அடுத்த குறை. இதில் நானும் தவறு செய்து நான்கு ஆண்டுகளை இழந்தேன் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன். பெரும்பாலான ஜப்பானியக் குவின்ஸ் செடிகள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. ஒன்று மட்டும் நின்றால், பூ எவ்வளவு கொட்டினாலும் ஒன்றிரண்டு காய்க்கு மேல் பிடிக்காது. துணைச் செடி வேண்டும் என்று கேள்விப்பட்டு, எங்கள் செடியின் அடியிலிருந்து வெடித்து வந்த பக்கக்கன்று ஒன்றை வேரோடு பெயர்த்து மறுபக்கத்தில் நட்டேன். அது செழித்து வளர்ந்தது, பூத்தது, காய் பிடிக்கவில்லை. பக்கக்கன்றும் பதியம் வைத்து எடுத்த கன்றும் தாய்ச்செடியின் அச்சுப் பிரதிகள். ஆகவே தாய்க்குத் துணையாக அவை பயன்படா. வேறு வகையொன்றை நட்ட பிறகுதான், அது முதன்முதலாகப் பூத்த ஆண்டிலேயே, இரண்டு செடிகளிலும் காய்கள் திரண்டன. தாமதமான குளிரிலும் பறந்து திரியும் பருத்த பம்பிள் தேனீக்களே மகரந்தத்தைக் கொண்டு செல்கின்றன. உறக்கம் கலைந்து வெளிவரும் இராணித் தேனீக்களுக்கு உணவு அரிதாக இருக்கும் நாட்களில் இந்தப் பூக்கள் அவற்றுக்கும் பேருதவி.

ஒக்டோபரில் பழம் மஞ்சளாகி, அறை முழுவதும் மணக்கும். பச்சையாகக் கடித்தால் பல் கூசும் புளிப்பு. கல்லைப் போன்ற கடினம். அந்தப் புளிப்புக்காகவே லத்வியாவில் இதை வடதிசையின் எலுமிச்சை என்று சொல்லி, பழத்துக்கென்றே தோட்டம் போட்டுப் பயிரிடுகிறார்கள். பெக்டின் என்ற உறையவைக்கும் பொருள் இதில் மிகுதியாக இருப்பதால், கொய்யா ஜெலி செய்யத் தெரிந்தவர்களுக்கு இது எளிது. பழத்தை வெட்டி, மூழ்கும் அளவுக்கு நீர் விட்டு, குழையும்வரை மெல்லிய தீயில் அவித்து, துணியில் ஓரிரவு வடியவிட வேண்டும். பிழிந்தால் சாறு கலங்கிவிடும். 600 மில்லிலீற்றர் சாற்றுக்கு 450 கிராம் சீனி சேர்த்துக் கொதிக்கவைத்தால், வேறெந்தப் பொருளும் சேர்க்காமலே செம்மஞ்சள் நிறத்தில் உறைந்துவிடும். என் தாயார் இங்கு வந்திருந்த ஆண்டில், பழத்தை ஆவியில் சற்று இளக்கி, விதையை நீக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் வெந்தயமும் சேர்த்துத் தேசிக்காய் ஊறுகாயைப்போலப் போட்டுப் பார்த்தார். அது சோற்றுக்கு மிகவும் நன்றாகச் சேர்ந்தது. இன்றும் எங்கள் வீட்டில் அது தொடர்கிறது. அப்பிள் விதையைப் போலவே இதன் விதையிலும் நச்சுத்தன்மையுள்ள சயனைட்டை விடுவிக்கும் பொருள் இருப்பதால், விதைகளை அரைத்துச் சேர்க்கக் கூடாது.

நோய் அதிகம் வருவதில்லை. 1957இல் கென்ற் மாகாணத்தில் பிரித்தானியாவில் முதன்முதலாகக் காணப்பட்ட தீக்கருகல் என்ற பாக்டீரிய நோய் ஒன்றுக்கு மட்டும் அஞ்ச வேண்டும். நெருப்புப் பட்டதுபோலக் கொப்பு நுனியும் பூவும் கருகித் தொங்கினால், நல்ல மரப்பகுதி தெரியும் இடத்துக்கும் கீழே தாராளமாக வெட்டி எரித்துவிட்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் பின் கத்தரிக்கோலைக் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். அருகில் அப்பிளோ பேரிக்காயோ இருந்தால் அவற்றுக்கும் இது பரவும்.

முன்வளவு முழுவதையும் கல் பதித்துக் கார் நிறுத்துவது பெருகிவரும் இந்நாளில், சுவரோரம் ஒரு மீற்றர் இடம் கிடைத்தால் வாழக்கூடிய செடி இது. அதற்கும் இடம் கொடாமல் விடுவது எனக்கு மனவருத்தம் தருகிறது. வரும் வார இறுதிகளில் பலர் தங்கள் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு கத்தரிக்கோலுடன் முன்வளவில் இறங்குவார்கள். ஆகையால், அந்தப் பட்டியலிலிருந்து ஜப்பானியக் குவின்ஸை நீக்கி, அதை வெட்டும் காலம் பூ முடிந்தபின் வரும் மே மாதமே என்று அடுத்த இதழிலேயே ஒரு திருத்தம் வெளியிடுமாறு தங்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். இடமின்மையால் என் கடிதத்தைச் சுருக்க நேர்ந்தாலும், வெட்டும் காலத்தைப் பற்றிய பகுதியைத் தயவுசெய்து விட்டுவிட வேண்டாம்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டகால வாசகி,
ஹரோ, இலண்டன்