அக்காவின் கண்ணுக்கு ஊசி ஏன் வேண்டும்

பீடோர்

அன்புள்ள முனியாண்டிக்கு,

நலம்தானே? இங்கே எல்லாரும் சுகம். தீபாவளிக்கு எழுதாததற்கு நேரில் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இப்போது அவசரம் இனிப்பு நீரால் (சர்க்கரை நோய்) கெட்ட அக்காவின் கண்.

மூன்றாவது ஊசிக்குப் போகமாட்டேன் என்கிறாராமே! கண்ணிலேயே ரத்தக்குழாய் வளர்வதைத் தடுக்கும் புரதம் உண்டு, அதைத்தான் சொட்டாக விற்கிறோம் என்று பசாரில் ஒருவன் சொன்னானாம். கிராணியாரும் தலையாட்டினாராம். அவர் எதற்குத்தான் ஆட்டவில்லை?

புரதம் உண்டு என்பது உண்மைதான். கண்ணின் முன்னால் உள்ள தெளிவான படலமான கார்னியாவில் ஒரு ரத்தக்குழாய்கூடக் கிடையாது. காரணத்தை 2006இல் ஜெயகிருஷ்ண அம்பாட்டியின் குழு காட்டியது. குழாயை வளரத் தூண்டும் புரதம் விஈஜிஎஃப். அது போய் ஒட்டும் ஏற்பியின் ஒரு துண்டு, எஸ்ஃபிளிட்-1, கார்னியாவில் தனியாக இருந்து விஈஜிஎஃப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மனாட்டி என்னும் கடற்பசுவுக்கு அந்தத் துண்டு இல்லை. அதன் கார்னியாவில் குழாய்கள் ஓடுகின்றன. அதன் உறவான டுகோங்குக்கு, நம் ஜொகூர் கடலில் இருப்பதுதான், அது உண்டு. உங்கள் பக்கம் செம்பனைக் கன்றைப் பிடுங்கும் யானைக்கும் உண்டு. இரண்டுக்கும் கார்னியாவில் குழாய் இல்லை. எவ்வளவு அழகான சான்று பார்!

கண்ணுக்குள் பின்பக்கம் ஒளியை வாங்கும் விழித்திரைக்குக் காவல் பிஈடிஎஃப் என்னும் இன்னொரு புரதம். விழித்திரைக்குப் பின்னால் உள்ள நிறமிச் செல்கள் சுரப்பது. குழாய் வளர்ச்சியை அது பலமாகத் தடுக்கிறது என்று 1999இல் தெரிந்தது. ஆக்சிஜன் குறைந்தால் இது குறையும், விஈஜிஎஃப் ஏறும். இனிப்பு நீர் நுண்குழாய்களை அடைத்து அந்த நிலையைத்தான் உண்டாக்குகிறது. புதிதாக முளைக்கும் குழாய்கள் பலவீனமானவை. கசியும், உடைந்து உள்ளே ரத்தம் கொட்டும், தழும்பாகி விழித்திரையையே இழுத்துப் பிரிக்கும். முனியாண்டி, பார்வை போவது இப்படித்தான்.

சரி, சொட்டு ஏன் ஆகாது? பிஈடிஎஃப் ஏறக்குறைய 50,000 டால்டன் எடையுள்ள பெரிய மூலக்கூறு. சொட்டு விட்டால் கண்ணீர் சில நிமிடத்தில் கழுவிவிடும். மிச்சமும் கார்னியாவைத் தாண்டி விழித்திரையை எட்டாது. குடித்தால் சாப்பாட்டோடு செரித்துப்போகும்.

அக்காவுக்குப் போடுவது அஃப்லிபெர்செப்ட் என்றுதானே எழுதியிருந்தாய்? அதுவே விஈஜிஎஃப் ஏற்பிகள் இரண்டின் துண்டுகளைச் சேர்த்துச் செய்தது. எஸ்ஃபிளிட்-1 செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. 0.05 மில்லிலிட்டரில் 2 மில்லிகிராம். மரத்துப்போகச் சொட்டு, கிருமிநீக்கப் போவிடோன் அயோடின், பிறகு கார்னியா விளிம்பிலிருந்து 3.5 முதல் 4 மில்லிமீட்டர் தள்ளி வெள்ளைவிழியில் மெல்லிய ஊசி. ஊசி உள்ளே இருப்பது சில விநாடிதான். ஆனால் மருந்து மெல்லக் குறையும், விஈஜிஎஃப் திரும்ப ஏறும். அதனால்தான் குழாய்கள் கசிந்து வரும் விழித்திரை வீக்கத்துக்கு முதலில் மாதம் ஒன்றாக ஐந்து, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று. இரண்டோடு நிறுத்தினால் வீக்கம் திரும்ப வரலாம்.

ஊசிக்குப்பின் வெள்ளைவிழி சிவப்பதும் கரும்புள்ளி மிதப்பதும் பயமில்லை. அடுத்த சில நாளில் வலி கூடி, வெளிச்சம் கூசி, பார்வை மங்கினால் உள்ளே கிருமி போயிருக்கலாம். விடியட்டும் என்று இருக்காதே, உடனே ஈப்போவுக்குக் கூட்டிப்போ. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் குறித்த அட்டையை ஒவ்வொரு முறையும் கொண்டுபோகச் சொல். கிராணியாரிடம் நான் பேசிக்கொள்கிறேன். அக்காவிடம் நீ இன்றைக்கே பேசு.

அன்புடன்,
செல்வம்