குழந்தைக்குத் தேவை கருவியல்ல, தரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளின் உடலியக்க வளர்ச்சிக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சிகள் பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், கட்டுரையின் அடிப்படைக் கருத்தோடு எனக்கு வேறுபாடு இல்லை. ஆனால் அதனுடன் இணைத்திருந்த பொருள் பட்டியலைக் கண்டு வருந்தினேன். பேலன்ஸ் போர்டு, பெரிய ரப்பர் பந்து, துணிச் சுரங்கம், வண்ண மெத்தை என்று அடுக்கியிருப்பதைப் பார்க்கும் பெற்றோர், இவற்றை வாங்க வழியில்லாத வீட்டில் குழந்தை வளர்ச்சியில் பின்தங்கிவிடும் என்றல்லவா எண்ணிக்கொள்வார்கள்?

பிறந்த சில மாதக் குழந்தைக்குத் தேவைப்படுவது ஒரு பாயும், அதன் எதிரே குனிந்து முகம் காட்டும் ஒரு பெரியவரும்தான். இன்னும் தவழத் தொடங்காத குழந்தையை, விழித்திருக்கும் நேரத்தில் நாளொன்றுக்கு மொத்தம் 30 நிமிடமாவது, சிறிது சிறிதாகப் பிரித்துக் குப்புறப் படுக்க வைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. குப்புறக் கிடக்கும் குழந்தை முதலில் தலையைத் தூக்கும். பிறகு முழங்கையை ஊன்றும். பின்னர் உள்ளங்கையை ஊன்றி மார்பை உயர்த்தும். கழுத்து, தோள், முதுகு ஆகியவற்றின் வலு இந்த வரிசையில்தான் வருகிறது. தூங்கும்போது மட்டும் மல்லாந்தே படுக்க வைக்க வேண்டும். குப்புறப் போட்டிருக்கும் நேரத்தில் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். நம் வீடுகளில் இதற்குத் தடையாக இருப்பது வறுமையல்ல, குழந்தையை இடுப்பைவிட்டு இறக்க மனம் வராத பாசம். பாட்டிமார்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

கட்டுரையாளர் வாக்கரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் விட்டது எனக்கு வியப்பளித்தது. வட்டச் சட்டத்தின் நடுவே துணி இருக்கையில் குழந்தையை உட்கார வைக்கும் அந்தக் கருவியில் குழந்தை நடப்பதில்லை. தொங்கிக்கொண்டு நுனிக்காலால் தரையை உந்துகிறது. தன் பாதம் எங்கே படுகிறது என்று அதற்குத் தெரிவதில்லை. படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபடுவதும், எட்டாது என்று நாம் நம்பிய கொதிபாத்திரத்தை எட்டிவிடுவதும் அதனால்தான். கனடா 2004-இலேயே இதன் விற்பனைக்குத் தடை விதித்துவிட்டது. நம் தச்சர்கள் செய்துதரும் மூன்று சக்கர மர நடைவண்டி இதற்கு நேர்மாறானது: குழந்தை அதன் பின்னால் நின்று, தன் எடையைத் தன் காலிலேயே தாங்கித் தள்ள வேண்டும். அதுவும் கூட எழுந்து நிற்கப் பழகிய பிறகுதான், சமதரையில்தான், ஒருவர் கண்காணிப்பில்தான் தரத்தக்கது.

பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு அவசரப்படுத்தவும் தேவையில்லை. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வில், நலமான குழந்தைகள் பிடிமானமின்றி நடக்கத் தொடங்கிய வயது ஏறக்குறைய 8 மாதம் முதல் 17½ மாதம் வரை பரந்திருந்தது. நூற்றுக்கு நான்கு பேர் போலக் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடந்திருக்கிறார்கள்.

பள்ளி வயதை நெருங்கும்போது சிக்கல் வேறு வடிவில் வருகிறது. எல்.கே.ஜி. படிக்கும் ஒரு சிறுமியை, எழுத மறுக்கிறாள் என்று அழைத்து வந்தார்கள். பென்சிலை முஷ்டியில் பிடித்திருந்தாள். இடக்கை தாளை அழுத்திப் பிடிக்காததால் தாள் நழுவிக்கொண்டே இருந்தது. நான் அவள் கால்களைத் தூக்கிப் பிடித்து, கைகளால் நடக்கச் சொன்னேன். இரண்டடி வைப்பதற்குள் முழங்கை மடிந்துவிட்டது. தோள் உறுதியாக நிற்காதபோது விரலை மட்டும் கடிந்து என்ன பயன்? கொஞ்ச காலம் வீட்டில் எழுதச் சொல்ல வேண்டாம் என்று தாயாரிடம் கூறி, சப்பாத்தி மாவு பிசைவது, ஈரத்துணி பிழிவது, கொடியில் கிளிப் மாட்டுவது, பூண்டு உரிப்பது, பெயின்ட் பிரஷ்ஷைத் தண்ணீரில் தோய்த்துச் சுவரில் நின்றபடி பெரிதாக வரைவது ஆகியவற்றைச் செய்ய வைக்கச் சொன்னேன். கையெழுத்து உடனே அழகாகிவிடவில்லை. ஆனால் சில மாதங்களில் பென்சில் முஷ்டியிலிருந்து விரல்களுக்கு இறங்கியிருந்தது.

உடற்சமநிலைக்குப் பாண்டியைவிடச் சிறந்த பயிற்சியை நான் கண்டதில்லை. சில்லைக் குறிபார்த்து எறிவது, கோட்டை மிதிக்காமல் ஒற்றைக் காலில் தாவுவது, திரும்புவது, அதே காலில் நின்று குனிந்து சில்லை எடுப்பது என அத்தனையும் ஒரே ஆட்டத்தில் அடங்கிவிடுகின்றன. நான்கு வயதை ஒட்டி நொண்டத் தொடங்கும் குழந்தைக்கு இரண்டு கட்டம் போதும். கட்டங்களைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். அடுக்குமாடியில் கீழ்வீட்டார் சத்தம் போட்டால் மொட்டை மாடி இருக்கிறது. மூன்று, நான்கு வயதினருக்கு நாளொன்றுக்கு 180 நிமிட உடலியக்கம் தேவை, அதில் 60 நிமிடமாவது ஓடியாடி மூச்சு வாங்குவதாக இருக்க வேண்டும் என்று மேற்சொன்ன வழிகாட்டுதல் கூறுவதை, மூன்று மணி நேர உடற்பயிற்சி வகுப்பு என்று யாரும் பொருள் கொள்ள வேண்டாம். கடைக்கு நடந்து வருவதும் அந்தக் கணக்கில் சேரும்.

இவையெல்லாம் சிகிச்சைக்கு மாற்றாகா என்பதையும் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். ஒன்பது மாதம் கடந்தும் பிடிக்காமல் உட்காராத குழந்தை, 18 மாதமாகியும் நடக்காத குழந்தை, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தும் குழந்தை, கற்ற அசைவை இழக்கும் குழந்தை ஆகியோரை, வீட்டில் விளையாட்டுக் காட்டிக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வருகின்றன, மேல்பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் மாவட்ட அளவில் இடையீட்டு மையங்கள் உள்ளன, கட்டணமும் இல்லை. தங்கள் அடுத்த இதழில் அந்தப் பொருள் பட்டியல் இருந்த இடத்தில் இம்மையங்களின் முகவரிகளை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயன்முறை மருத்துவர்,
திண்டுக்கல்.