ஆம்பை இன்னும் பிளக்கில் மாட்டாதே

அன்பு மகள் புவனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். நீ லீட்ஸிலிருந்து அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாக்ஸ் ஏசி30 கிட்டார் ஆம்ப், செம்பு நிறப் பேனல். அப்படியென்றால் 1960களின் முதல் பாதி. ஸ்பீக்கரை ஓட்டும் ஈஎல்84 வால்வு நாலு, ஏசியை டிசியாக்கும் ஜிஇசட்34 வால்வு ஒன்று, இரண்டு நீல செலெஸ்டியன் ஸ்பீக்கர், எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கிற மாதிரி தெரிகிறது. நல்ல சாமான் உன் கைக்கு வந்திருக்கிறது, மா. எனக்கு அவ்வளவு சந்தோஷம். போனில் சொன்னால் வேலை செய்யும் நேரத்தில் பாதி மறந்துபோகும். அதனால்தான் எழுதி அனுப்புகிறேன், மேசையில் பக்கத்திலேயே வைத்துக்கொள்.

விற்றவர், ‘ரொம்ப வருஷமாகக் கராஜில் சும்மா கிடந்தது, போட்டால் பாடும்’ என்றாராம். அதை நம்பி சுவிட்சைத் தட்டிவிடாதே. சும்மா கிடந்ததுதான் இதற்கு ஆபத்து. பவர் சப்ளையில் இருக்கும் எலக்ட்ரோலிடிக் கண்டென்சருக்குள் அலுமினியத் தகட்டின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று இருக்கும். கரண்டைத் தடுத்து நிறுத்துவது அதுதான். வருஷக்கணக்கில் வோல்டேஜே பார்க்காமல் கிடந்தால் அந்தப் படலம் பலவீனமாகிவிடும், உள்ளே இருக்கும் திரவமும் காய்ந்துபோகும். திடீரென்று 300 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் கண்டென்சர் கசியும், சூடாகும், போகிறபோது ஜிஇசட்34ஐயும் மெயின் டிரான்ஸ்பார்மரையும் சேர்த்துக்கொண்டு போகும். கண்டென்சர் சில பவுண்டுக்குக் கிடைக்கும். அந்தக் காலத்து டிரான்ஸ்பார்மருக்கு எங்கே போவது?

அங்கே ஒரு கடையில், உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டுப் புதுசு போட்டுத் தருகிறோம் என்றார்களாமே. தயவுசெய்து சம்மதிக்காதே. எது உழைத்துத் தீர்ந்துவிட்டது, எது வயதாகியும் நன்றாக இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் ரிப்பேர். எலக்ட்ரோலிடிக் எல்லாவற்றையும் மாற்று, அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வோல்டேஜ் ஏற்றிப் பழசையே எழுப்பிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். எழும்பும், கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் மேடையில் கைவிட்டுவிடும். மற்றபடி ரெசிஸ்டர், ஒரு வால்விலிருந்து அடுத்ததற்கு ஒலியை மட்டும் விடும் கப்ளிங் கண்டென்சர், வால்வு, ஸ்பீக்கர் எதையும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் தொடாதே. கழற்றிய சாமானை ஒரு பையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வை. உனக்குப் பிறகு இதைத் திறப்பவருக்கு எது மாறியது என்று தெரிய வேண்டும்.

பள்ளி முடித்த கையோடு நான் சேர்ந்த வானொலிக் கடை இங்கே பினாங்கில் கெம்பல் ஸ்ட்ரீட் பக்கம் இருந்தது. இங்கிலாந்துப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவரோடு வாசித்த ஷேடோஸ் குழுவும் 1961ல் சிங்கப்பூர் வந்து வாசித்துவிட்டுப் போனதிலிருந்து இந்தப் பக்கம் முழுக்கக் கிட்டார் பித்து. ஷேடோஸ் மேடையில் வைத்திருந்தது இதே வாக்ஸ்தான். கென்ட்டில் டார்ட்ஃபோர்டில் டிக் டென்னி வடிவமைத்தது. முதலில் வந்த ஏசி15இன் சத்தம் பெரிய மண்டபத்துக்குப் பத்தாமல்தான் ஏசி30 பிறந்தது. நம் ஊர் அண்ணன் தம்பிகள் டேவிட்டும் லோகநாதனும் ஆலிகேட்ஸ் இசைக்குழுவைத் தொடங்கியது அந்த 60களின் கடைசியில். நான் வேலைக்குப் போனபோதும் அந்தக் காலத்து ஆம்புகள் எங்கள் மேசைக்கு வந்துகொண்டுதான் இருந்தன. கடல் காற்றிலும் ஈரத்திலும் சாக்கெட் பின்கள் பச்சை பூத்து, வால்யூமைத் திருப்பினாலே கரகரக்கும். எங்கள் தவுக்கே, அதாவது கடை முதலாளி, மீட்டரை எடுப்பதற்கு முன்னால் குனிந்து டிரான்ஸ்பார்மரை மோந்து பார்ப்பார். எரிந்த வார்னிஷ் வாசம் வந்தால், ஏற்கெனவே சூடு கண்ட டிரான்ஸ்பார்மர் என்று சொந்தக்காரரிடம் அப்போதே சொல்லிவிடுவார். நீயும் முதலில் அதைச் செய்.

சரி, வேலைக்கு வருவோம். பிளக் வெளியே இருந்தாலும் கண்டென்சருக்குள் ஆளைக் கொல்லும் அளவுக்கு வோல்டேஜ் தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை எடுத்து, ஒரு முனையைக் கிளிப் வைத்து ஆம்பின் உலோகச் சட்டமான சேசிஸில் கவ்வு. மறுமுனைக்கு நன்றாக உறை போட்ட ஒயர். அதைக் கண்டென்சரின் பிளஸ்ஸில் தொட்டுப் பத்து எண்ணு. அப்புறம் மீட்டரில் பார். ஒன்றிரண்டு வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு கண்டென்சருக்கும் இப்படித்தான், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் இப்படித்தான். கரண்ட் இருக்கும்போது அளக்க வேண்டி வந்தால் இடது கை பாக்கெட்டில் இருக்கட்டும். இரண்டு கையும் உள்ளே இருந்தால் கரண்ட் நெஞ்சு வழியாகத்தான் கடக்கும். இதில் மட்டும் அப்பா சொல்வதை அப்படியே கேள், மா.

மெயின் ஒயரை மாற்றிவிடு, அந்தக் காலத்து ரப்பர் தொட்டாலே உதிரும். பழைய ஒயரில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். நம் வீட்டுச் சுவருக்குள் ஓடுவதும் அதே நிறங்கள்தான். இப்போது நீ வாங்கும் ஒயரில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். எர்த் சேசிஸில் இறுகப் பிடித்திருக்க வேண்டும்.

புது கண்டென்சர் 500 வோல்ட் தாங்குவதாக வாங்கு. மைக்ரோ ஃபாரட் அளவு பழசில் இருப்பதேதான். பெரிசு போட்டால் உறுமல் குறையும் என்று ஏற்றிவிடாதே. ஜிஇசட்34க்கு அடுத்து வரும் முதல் கண்டென்சர் 60க்கு மேல் போகக் கூடாது, வால்வு தாங்காது.

அப்புறம், நான் கோயில் ஆம்புகளுக்கு வைத்திருந்த பல்பு பெட்டி ஞாபகம் இருக்கிறதா? 100 வாட் இழை பல்பு ஒன்றை மெயினோடு தொடராக மாட்டினால் போதும், எல்இடி பல்பு இதற்கு உதவாது. எல்லா வால்வையும் கழற்றிவிட்டு அதன் வழியாகக் கரண்ட் கொடு. பல்பு ஒரு கணம் மின்னி மங்கிவிட்டால் டிரான்ஸ்பார்மர் நல்லது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட், உடனே நிறுத்து. பிறகு ஜிஇசட்34ஐயும், முன்பக்கத்துச் சின்ன வால்வுகளான ஈசிசி83களையும் மாட்டு. ஈஎல்84 நாலும் வெளியிலேயே இருக்கட்டும். இப்போது அந்த நாலு சாக்கெட்டிலும் 2ஆம் பின்னை, அதாவது ஒலி உள்ளே நுழையும் கிரிட்டை, டிசியில் அள. கிட்டத்தட்ட 0 காட்ட வேண்டும். பிளஸ்ஸில் ஒரு வோல்ட் ஏறினால்கூட அந்தப் பக்கத்துக் கப்ளிங் கண்டென்சர் கசிகிறது. அதை விட்டுவிட்டு வால்வைச் செருகினால் அதன் உள்ளே இருக்கும் தகடு சிவந்து, வால்வும் போகும், அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் போகும்.

அது சரியாக இருந்தால், ஸ்பீக்கர் ஒயர் மாட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு ஈஎல்84களைப் போடு. ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்பை ஒருநாளும் ஓட்டாதே. இப்போது பல்பு நிலையாகக் கொஞ்சம் எரியும், பயப்படாதே. எல்லாம் அமைதியாக இருந்தால் பல்பை எடுத்துவிட்டு நேராகக் கரண்ட் கொடு. நாலு வால்வுக்கும் பொதுவாக, எலக்ட்ரான் கிளம்பும் முனையான கேத்தோடில் ஒரு 50 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். அதன் குறுக்கே 10 வோல்ட் வந்தால் மொத்தம் 200 மில்லி ஆம்ப், தலைக்கு 50. ஈஎல்84இன் தகட்டுக்கு 12 வாட்தான் எல்லை, இந்த ஆம்ப் அதைத் தாண்டித்தான் ஓடும். அந்தக் குரலும் அதில்தான் வருகிறது, வால்வு சீக்கிரம் தேய்வதும் அதனால்தான். 10க்கு ரொம்ப மேலே போனால் எனக்கு எழுது, அந்த ரெசிஸ்டரைக் கொஞ்சம் கூட்டிவிடலாம்.

கடைசியாக, நம்ம ஊர்க் காப்பிக்கடையான கோப்பித்தியாமில் மீ நூடுல்ஸ் சாப்பிடும் மரக்குச்சி ஒன்று. நன்றாகக் காய்ந்ததாக இருக்கட்டும். வால்யூமைப் பாதி வைத்துவிட்டு ஒவ்வொரு ஈசிசி83யையும் ஒவ்வொரு ஈய ஒட்டையும் மெல்லத் தட்டிக்கொண்டே வா. எந்த இடத்தில் ஸ்பீக்கர் மணி மாதிரி ஒலிக்கிறதோ, எங்கே சடசடக்கிறதோ, அங்கே மட்டும் கை வை.

லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் பழைய பிலிப்ஸ் வானொலிகளோடு சேர்த்து வாங்கிய முல்லார்டு வால்வுகள் என் பெட்டியில் இருக்கின்றன. அதில் ஈஎல்84 இரண்டு ஜோடி, பிளாக்பர்ன் தொழிற்சாலையில் செய்தவை. சோதித்துப் பார்த்துவிட்டேன், நன்றாக இருக்கின்றன. உன் மாமா மகன் டிசம்பரில் அங்கே வரும்போது துணியில் சுற்றிக் கொடுத்து அனுப்புகிறேன். அதுவரை இருப்பதையே ஓட்டு.

இப்போதைக்கு எனக்கு மூன்று படம் வேண்டும். பின்பக்க வோல்டேஜ் செலக்டர் எந்த எண்ணில் நிற்கிறது என்று ஒன்று. அது 240க்குக் கீழே நின்றால் உள்ளே எல்லாம் அதிக வோல்டேஜ் வாங்கும். ஜிஇசட்34 சாக்கெட்டின் அடிப்பக்கம் ஒன்று, யாராவது அந்த வால்வுக்குப் பதிலாக டயோடு வைத்து ஒட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். எலக்ட்ரோலிடிக் மேல் அச்சடித்த எண்கள் தெரிகிற மாதிரி ஒன்று. அவை வந்ததும் என்னென்ன வாங்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா
ஜெலுத்தோங், பினாங்கு