பூட்டிய குழாய்

பெங்களூர்,
24-10-2024

கண்ணு,

மூன்று ஞாயிறாக நீ ஃபோன் எடுக்கவில்லை. வேலை இருக்கும், சரி. நேரத்துக்குச் சாப்பிடு.

இங்கே ஒரே மழை. எலகங்காவில் ஒரு குடியிருப்புக்குள் படகு விட்டு ஆட்களை வெளியே கொண்டுவந்தார்கள் என்றால் பார்த்துக்கொள். அப்படியும் நம் பால்கனிச் செடிகள் வாடுகின்றன. மேல்வீட்டுத் தளம் மறைக்கிறது, உள்பக்கத் தொட்டிகளில் சாரல்கூட விழுவதில்லை. கீழே தோட்டக் குழாய்க்கு மார்ச்சில் சங்கம் போட்ட பூட்டு இன்னும் அப்படியே தொங்குகிறது. மார்ச்சில் போட்டதை நான் தப்பு சொல்லவில்லை, ஊரெல்லாம் போர்வெல் வறண்டு கிடந்தது, குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5000 ரூபாய் அபராதம் என்று உத்தரவே வந்தது. ரோட்டில் முழங்கால் தண்ணீர் ஓடும்போது எதற்கு இந்தப் பூட்டு? கேட்டால், கமிட்டி கூடி முடிவெடுக்கணும் சார் என்கிறார்கள்.

ஆர்ஓ மெஷின் கழித்துவிடும் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். அதில் உப்பு அதிகம், குண்டுமல்லி இலைகள் நுனி கருகிவிட்டன. அப்புறம் அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவின தண்ணீர் என்று பிடித்து வைத்து ஊற்றி கறிவேப்பிலையை மட்டும் பிழைக்க வைத்திருக்கிறேன். நீ வைத்தது அது.

உனக்கு டீம் லீடர் வேலை கிடைத்ததை இந்த பிளாக்கில் நான் சொல்லாத ஆள் இல்லை. ஆனால் அப்பாவுக்கு ஒரு வரி எழுத உனக்கு நேரமில்லை. மாப்பிள்ளை சௌக்கியமா? அவர் குரலைக் கேட்டே ரொம்ப நாளாகிறது. வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

மார்ச்சில் நீ தனியாக வந்திருந்தாயே, அன்று குளியலறையில் முக்கால் மணி நேரம் குழாய் ஓடியது. செடிக்கு ஒரு சொம்பு ஊற்ற விடமாட்டேன் என்கிறார்கள், நீ இப்படித் திறந்து விடுகிறாயே, டேங்கர் என்ன விலை தெரியுமா என்று கதவைத் தட்டிக் கத்தினேன். நீ உடனே குழாயை மூடினாய். அப்போதுதான் உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. எனக்குக் கேட்டது கண்ணு. கேட்டும் ஒன்றும் கேட்காத மாதிரி பால்கனிக்குப் போய் தொட்டி மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றேன். உன்னிடம் வந்து என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. மறுநாள் ஏர்போர்ட்டில்கூடக் கேட்கவில்லை.

உங்கம்மா என்னிடம் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ கிளம்பி வா. எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குளி. ஃபோன் பேச முடியாவிட்டால் அம்மாவுக்கு ஒரு மெசேஜாவது போடு.

நேரத்துக்குச் சாப்பிடும்மா.

அப்பா