தீவுகளைத் தனித்தனியாக எண்ணாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் இதழில் வந்த, சிறு மொழிகளைப் பற்றிய கட்டுரையில் பசிபிக்கின் கரோலின் தீவுகளுக்கும் இடம் கொடுத்ததில் மகிழ்ச்சி. ஆனால் டோபி, உலிதி, வொலேயாய், சட்டவால், சூக் என்று அட்டவணை போட்டு, எதிரே பேசுவோர் தொகையையும் போட்டு முடித்துவிட்டீர்கள். சேர்த்துப் பார்க்க வேண்டியவை இவை.

பலாவ் நாட்டின் தென்கோடியில் இருக்கும் டோபியிலிருந்து சூக்கைத் தாண்டி மோர்ட்லாக் தீவுகள்வரை 2,000 கிலோமீட்டருக்கும் மேல். இவ்வளவு தூரத்திலும் ஒரு தீவின் பேச்சு பக்கத்துத் தீவுக்காரருக்குப் பெரும்பாலும் புரியும். இரு கோடியில் இருப்பவர்களுக்குத்தான் புரியாது. வட மரியானாவின் சைப்பான் தீவில் குடியேறிய கரோலினியர் நிலத்தை ‘ஃபலு’ என்பார்கள், சூக்கில் அது ‘ஃபெனு’. ல இருந்த இடத்தில் ன. இந்த மாற்றம் பல சொற்களில் ஒரே ஒழுங்காக வருகிறது.

இந்தத் தொடர்பை வளர்த்தவர்கள் பாய்மரப் படகோட்டிகள். நாம் திருவோணம் என்று சொல்லும் நட்சத்திரத்துக்கு அங்கே ‘மைலாப்’ என்று பெயர். அது உதிக்கும் திசைதான் அவர்களுக்குக் கிழக்கு. படகு நிற்பதாகவும், தொலைவில் உள்ள ஒரு தீவு நட்சத்திரங்களுக்கு அடியில் பின்னோக்கி நகர்வதாகவும் மனதில் கணக்குப் போடுவார்கள். 1976இல் ஹவாயிலிருந்து தாஹிட்டிக்குக் கருவி எதுவும் இல்லாமல் ‘ஹோகுலேயா’ என்ற பாய்மரப் படகுக்கு வழிகாட்டிய மாவ் பியாய்லுக், சில நூறு பேர் மட்டுமே வாழும் சட்டவாலைச் சேர்ந்தவர். அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தமே.

இன்று இந்த ஒரே சங்கிலி பலாவ், மைக்ரோனேசியக் கூட்டமைப்பு, அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட வட மரியானா என்று மூன்று எல்லைகளுக்குள் கிடக்கிறது. வட மரியானாவில் கரோலினியம் ஆட்சிமொழிகளில் ஒன்று, சரி. டோபிக்காரர்களோ பெரும்பாலும் சொந்தத் தீவில் இல்லை. பலாவின் கோரோரில் உள்ள எச்சாங் குடியிருப்பில், பலாவ் மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே பிள்ளைகளை வளர்க்கிறார்கள். அந்தப் பலாவ் மொழி, இந்தத் தீவுப் பேச்சுகள் எல்லாம் சேர்ந்த ஓசியானிய மொழிக் கிளையைச் சேர்ந்ததுகூட இல்லை. கூட்டமைப்பிலிருந்தோ, அமெரிக்காவுடன் செய்த 1986 ஒப்பந்தத்துக்குப் பிறகு, குவாமுக்கும் ஹவாய்க்கும் பிழைக்கப் போகிறவர்கள் ஏராளம். பக்கத்துத் தீவோடு பேசிப் பழகும் வாய்ப்பு குறைந்தால் இந்தப் பேச்சுகள் ஒன்றுக்கொன்று அந்நியமாகிவிடும் என்பதுதான் என் கவலை.

அடுத்த இதழில் ஒரு வரைபடமாவது போடுங்கள். டோபியிலிருந்து மோர்ட்லாக்வரை தீவுகளை வரிசையாகக் குறித்து, ஒரே சொல் ஒவ்வொரு தீவிலும் எப்படி ஒலிக்கிறது என்று பக்கத்தில் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி