நெடுந்தீவில் ஓர் இரவு தங்குங்கள், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கப் போவதாக நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு நிறைந்து கிடக்கிறது. நல்லூர், யாழ் நூலகம், கீரிமலை, நயினாதீவு என்று போட்டிருக்கும் பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைசியில் "நேரமிருந்தால் நெடுந்தீவு" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலுக்குள் இருக்கும் அந்தத் தீவு, நேரம் மிஞ்சினால் போகிற இடமில்லை. நேரம் ஒதுக்கித்தான் போகவேண்டும். ஓர் இரவாவது தங்கவேண்டும்.

உங்கள் பக்கத்தில் பலருக்கும் நெடுந்தீவு என்றால் "நெடுந்தீவு அருகே மீனவர்கள் கைது" என்ற செய்தி மட்டும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயருக்குப் பின்னால் சுமார் 50 சதுர கிலோமீட்டர் நிலம் இருக்கிறது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில், தேவாலயம் எல்லாம் இருக்கின்றன. மீன் பிடித்தும் மாடு வளர்த்தும் பனையை நம்பியும் சில ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். நீங்கள் அடிக்கடி கேள்விப்படும் கச்சதீவுகூட நிர்வாகத்தில் நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தோடு சேர்ந்ததுதான். இவ்வளவு பக்கத்தில் இருந்தும், வெளிநாட்டுக்காரர் அங்கே வருவது குறைவு. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் அதைவிடக் குறைவு என்பதுதான் என் ஆதங்கம்.

யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினால் வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் கொண்டுபோய் விடும். அங்கே கூட்டமெல்லாம் நயினாதீவுப் படகுக்குத்தான் போகும். அது கால் மணி, இருபது நிமிடப் பயணம். நெடுந்தீவுப் படகில் ஒரு மணி நேரம் போகவேண்டும், காற்றைப் பொறுத்து அதற்கு மேலும் ஆகும். பயணிகளோடு அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், சைக்கிள் எல்லாம் ஏறும். தீவுக்குத் தேவையான சாமான்கள் கடல் கடந்துதான் வரவேண்டும்.

அந்தக் கடலைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். ஒவ்வொரு மே மாதமும் ஊர் கூடி அவர்களை நினைவுகூர்கிறது. குமுதினி என்ற பெயரை யாராவது சொன்னால் அது என்னவென்று தெரிந்து வைத்திருங்கள் அக்கா. தெரியாமல் பக்கத்தில் இருப்பவரிடம் சிரித்துக்கொண்டே கேட்டுவிடக்கூடாது.

மாவிலித்துறையில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் வருவார்கள். குதிரை, பெருக்குமரம், கோட்டை, புறாக்கூடு, வளரும் கல் என்று ஒரு சுற்று உண்டு. பிற்பகல் படகைப் பிடிக்கவேண்டும் என்பதால் எல்லா இடத்திலும் இறங்கிப் படமெடுத்துவிட்டு ஓட்டம்தான். அப்படிப் போய்வந்தவர்கள் "பார்க்க அங்கே என்ன இருக்கிறது" என்று கேட்கிறார்கள். எனக்குக் கோபம் வரும்.

நீங்கள் ஆட்டோவை விட்டுவிட்டு ஓர் ஒழுங்கையில், அதாவது சின்னச் சந்தில், நடந்து பாருங்கள். யாழ்ப்பாணத்தில் வளவுக்குக் கிடுகு வேலி, பனையோலை வேலி பார்ப்பீர்கள். இங்கே கல்வேலி. மண்ணைக் கொஞ்சம் தோண்டினாலே முருகைக்கல் வந்துவிடும். அதை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை. எந்தக் கல் எதன்மேல் உட்காரும் என்று பார்த்துப் பார்த்து வைத்த கை வேலை. கிட்டப் போய்க் குனிந்து பாருங்கள். சில கல்லில் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பொத்தல்கள் தெரியும், சிலதில் வளைந்து வளைந்து போகும் வரிகள். எல்லாம் ஒரு காலத்தில் கடலுக்குள் உயிரோடிருந்த பவளம். விரலால் தடவினால் தோல் சிராய்க்கும். இடையிலுள்ள ஓட்டைகளால் காற்று புகுந்து போவதால் வேலி சாய்வதில்லை. மாடு தோட்டத்துக்குள் வராமலும் காக்கிறது. நெடுந்தீவின் பெரிய அழகு எதுவென்று என்னைக் கேட்டால் இந்த வேலிகளைத்தான் சொல்வேன். சிதைந்து கிடக்கும் பழைய கோட்டையும் இதே கல்தான், ஆனால் வேலிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

அப்புறம் குதிரைகள். போர்த்துக்கீசர் கொண்டுவந்தவை என்று சொல்வார்கள். ஒல்லாந்தர் காலத்திலும், பிறகு ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரியின் கீழும் இங்கே குதிரை வளர்ப்பு நடந்திருக்கிறது. இன்று இருப்பவை அவற்றின் வழிவந்த மட்டக்குதிரைகள். கட்டி வைப்பார் இல்லாமல் வெளியில் திரிகின்றன. மாரியில் புல் பச்சையாக இருக்கும்போது கூட்டமாக மேய்வதைப் பார்த்தால் கண் எடுக்க முடியாது. கோடையில் அதே கூட்டத்தைப் பார்க்க மனசு பொறுக்காது. தீவில் ஆறு கிடையாது, பல கிணறுகள் உவர். வரட்சி கடுமையான வருடங்களில் தண்ணீரில்லாமல் குதிரைகள் செத்திருக்கின்றன. விலா எலும்பு தெரிய, தொட்டியில் அடியில் கிடக்கும் கொஞ்ச நீருக்காகக் கழுத்தை நீட்டும் குதிரையைப் பார்த்தால், படமெடுக்கத் தூக்கிய கை தானாக இறங்கிவிடும். மனிதருக்கும் குடிநீர் இங்கே சுலபமில்லை. அதனால்தான் சொல்கிறேன், தங்கும் வீட்டில் வாளி வாளியாக அள்ளிக் குளிக்காதீர்கள்.

பெருக்குமரத்தைத் தவறவிடவேண்டாம். பாவோபாப் என்பார்களே, அதுதான். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மரம், அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்பது வழக்கு. அடிமரத்தில் ஆள் நுழையும் அளவுக்குப் பொந்து இருக்கிறது.

சரி, ஏன் இரவு தங்கச் சொல்கிறேன்? பிற்பகல் படகு போன பிறகுதான் ஊர் ஊராகிறது. வெயில் தாழ்ந்ததும் கடைவாசலில் ஆட்கள் சேர்வார்கள். நீங்கள் பேச்சில் கலந்துகொண்டால் எந்த ஊர் என்று கேட்பார்கள். ராமநாதபுரம் என்று சொன்னால், சிலர் இந்திய இழுவைப்படகுகள் வலைகளை அறுத்துக்கொண்டு போவதைச் சொல்லிக் கொதிப்பார்கள். அதையும் கேளுங்கள். உங்கள் மேல் உள்ள கோபமில்லை அது. கொதித்த அதே ஆள் தேத்தண்ணி வாங்கித் தராமல் உங்களை விடமாட்டார்.

சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில், அதாவது மே தொடங்கி ஆகஸ்ட், செப்டம்பர் வரை, கடல் குழம்பியிருக்கும். மாரி மழை விட்ட பிறகு, ஜனவரி கடைசியிலோ பெப்ரவரியிலோ வந்தால் பச்சையும் பார்க்கலாம், கடலும் ஓரளவு அமைதியாக இருக்கும். கடவுச்சீட்டைக் கையோடு வைத்திருங்கள். காசை யாழ்ப்பாணத்திலேயே மாற்றிவிடுங்கள். தங்குமிடங்கள் மிகச் சில, முன்பே சொல்லிவைக்காமல் போகக்கூடாது. ஒரு முருகைக்கல்கூடப் பைக்குள் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

கப்பல் தேதி முடிவானதும் எழுதுங்கள். தங்குமிடத்தில் நான் பேசி வைக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்கு மீன் வேண்டுமா, கணவாய் வேண்டுமா என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள், அவர்கள் காலையிலேயே கரைக்குப் போய் வாங்கவேண்டும்.

அன்புடன்,
உங்கள் தம்பி